மாப்பிள்ளை வாங்கிவந்த பச்சை வெடி

என் வீட்டுக்காரர் தீபாவளிப் புகையில் செத்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் மாரடைப்பு என்பார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியதே நாங்கள்தான். நெஞ்சு வலித்துச் செத்தால் மரியாதையாம், மூச்சு முட்டிச் செத்தால் கேவலமாம். எந்தப் புண்ணியவான் இப்படிப் பிரித்து வைத்தானோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

அவருக்குச் சங்கரன்கோவிலில் மிளகாய் வத்தல் மண்டி. பனவடலிசத்திரம், மேலநீலிதநல்லூர் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் விளைவித்துக் கொண்டுவந்து தட்டுகிற வத்தலை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். சாக்கை அவிழ்த்தால் வருகிற நெடியில் வெளியாள் ஒரு நிமிஷம் நிற்க மாட்டான், தும்மிக்கொண்டே தெருவுக்கு ஓடுவான். இவர் அதற்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார், மத்தியானம் அதற்குள்ளேயே தூங்கினார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனாலும் ஐம்பது வயதுக்குள் நெஞ்சு கெட்டுவிட்டது. மாடிப்படி ஏறி முடித்தால் உள்ளே விசில் அடிக்கும். திருநெல்வேலி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போன மூச்சு போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், தூசியும் புகையும் ஆகவே ஆகாது என்று சொல்லி, வாயில் வைத்து மருந்து அடிக்கிற பம்பு எழுதிக் கொடுத்தார்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வளர வளரக் குறைந்தது, ஆனாலும் பனிக்காலத்தில் அவளும் பம்பு அடிக்க வேண்டும். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பம்பு அடிப்பதைப் பார்த்து, "கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்று நான் கேலி செய்வேன். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்தால் இருமல் வரும், அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

சிவகிரியிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை வந்தபோதுதான் இந்தச் சிரிப்பு நின்றது. பையனுக்கு ராஜபாளையத்தில் எலெக்ட்ரிகல் கடை. நல்ல குடும்பம், அதிர்ந்து பேசாத பையன். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு மயினி, வந்து எல்லோரையும் உட்கார வைத்து உத்தரவு போட்டாள்.

"இழுப்பு கிழுப்புன்னு ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. அப்பனுக்கு இருக்குன்னா மகளுக்கு இருக்கும்பாங்க. மகளுக்கு இருக்குன்னா நாளைக்குப் பிறக்கப் போற பிள்ளைக்கு வரும்பாங்க. அம்புட்டுத்தான், ஆட்டம் குளோஸ்."

"சொல்லிட்டுக் குடுப்போம் மயினி. நாளைக்குத் தெரிஞ்சா என்ன செய்ய?" என்றேன் நான்.

"நீ சும்மா கெட. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க. ஒரு பொய்க்கு இந்த முழி முழிக்கா."

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைக் கூப்பிட்டு, தன் தலையில் அவள் கையை வைக்கச் சொல்லி, அங்கே போய் ரெண்டு பேர் சீக்கைப் பற்றியும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். மூச்சு விடவே வழியில்லாத மனிதர் மூச்சு விடாதே என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடிந்தது?

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு மயினி மங்கலமாக இருக்கட்டும் என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுவிட்டாள். இவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து குளியலறைக்குப் போய், பம்பு அடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, அடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு சம்பந்தி வீட்டார் எப்போது வந்தாலும் அதே பழக்கம் ஆகிவிட்டது. மண்டிக்காரருக்குச் சுத்தம் ஜாஸ்தி, அடிக்கடி கை கால் கழுவுகிறார் என்று சம்பந்தியம்மா என்னிடமே புகழ்ந்தாள்.

மற்ற வருஷங்களில் தீபாவளி என்றால் எங்களுக்கு ஓட்டம்தான். எங்கள் தெரு ரெண்டு ஆட்டோ ஒதுங்க முடியாத தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஐப்பசி ஈரத்தில் புகை மேலே ஏறாது, எழுந்த இடத்திலேயே நிற்கும். பக்கத்துத் தாலுகா முழுக்க வெடி ஆலைகள். தெருவுக்கு நாலு வீட்டிலாவது அங்கே வேலை பார்க்கிற சொந்தக்காரர் இருப்பார், சரத்தைப் பஞ்சமில்லாமல் கொண்டுவந்து கொளுத்துவார்கள். அதனால் நாங்கள் முந்தின நாளே பனவடலிசத்திரத்தில் என் தம்பியின் தோட்டத்து வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஊர்ப் புகை அடங்கிய பிறகு வருவோம். கேட்பவர்களிடம் தோட்டத்தில் வேலை என்போம்.

கல்யாணம் ஆன வருஷம் ஓட முடியவில்லை. தலைதீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும், நம் வாசலில்தான் வெடி போட வேண்டும். முந்தின வாரமே நான் சண்டையை ஆரம்பித்துவிட்டேன்.

"தோட்டத்துக்கே மாப்பிள்ளையைக் கூப்பிடுவோம்."

"தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையைக் காட்டுக்குள்ள கூப்பிடுதாளாம். கிறுக்கச்சி."

"அப்ப உண்மையைச் சொல்லிருவோம். என் நெஞ்சுக்கு ஆகாது மாப்ளேன்னா அவர் என்ன கடிச்சா தின்னிருவாரு?"

"கல்யாணமாகி ஆறு மாசம் கழிச்சா? ஏமாத்திட்டாங்கன்னு நம்ம பிள்ளையைக் கொண்டாந்து விட்டுட்டா, நீ வச்சுப் பாப்பியா?"

அவர் பயம் பொய்ப் பயம் இல்லை. எங்கள் சொந்தத்திலேயே ஒருத்தியை வலிப்பு என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். என் புருஷன் மூச்சா, என் மகள் வாழ்க்கையா என்று தராசில் வைத்தால் எந்தத் தட்டை நான் தூக்கிப் பிடிப்பேன்? அந்த வாரம் முழுக்க முறுக்குப் பிழிந்துகொண்டே அழுதேன்.

முந்தின நாள் சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கையில் பெரிய பெட்டி. அவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துச் சந்தோஷமாகத் திறந்து காட்டினார்.

"மாமா, எல்லாம் பசுமைப் பட்டாசு. சும்மா பேருக்குப் பச்சைன்னு ஒட்டி விக்கிதாங்க, அதனால ஒவ்வொரு டப்பாவையும் போன்ல ஸ்கேன் பண்ணிப் பாத்துத்தான் எடுத்தேன். பேரியம் கிடையாது, புகை குறைச்சல். சரவெடி, பாம்பு மாத்திரை ஒண்ணும் வாங்கல."

பிள்ளையை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடவுளாகப் பார்த்து இந்தப் புத்தியைக் கொடுத்தார் என்று கோமதியம்மனுக்கு மனதுக்குள் மாவிளக்கு நேர்ந்தேன். வீட்டுக்காரர் முகத்தையும் பார்க்க வேண்டுமே! பின்கட்டுக்கு வந்து, "பாத்தியா ஏட்டி, பச்சை வெடி! புகையே வராதாம். என்னமோ ஒப்பாரி வச்சியே" என்றார்.

"குறைச்சல்னுதான அவரு சொன்னாரு? வராதுன்னு எப்பச் சொன்னாரு? வெடிமருந்து என்ன வேப்பங்கொழுந்தா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவு."

விடியக்காலம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். மகளும் பட்டுச்சேலையோடு பின்னாலேயே வந்தாள். மாப்பிள்ளையோ, "நீ உள்ள இரு, அத்தைக்கு ஒத்தாசை பண்ணு" என்று அவளை அனுப்பிவிட்டார். ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள், கெட்டிக்காரி என்று நான் நினைத்தேன். உள்ளே வந்தவள் சன்னல் கதவுகளை எல்லாம் சாத்தினாள்.

ஆனால் அப்பா தப்பிக்க வேண்டுமே! அவர் நாற்காலியைத் தூக்கி வாசல் படிக்கே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தீபாவளியைக் கண்டு ஓடின மனிதர். ஊர் பார்க்கத் தன் மாப்பிள்ளையோடு தன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "பச்சை வெடி அண்ணாச்சி, மாப்பிள்ளை பாத்துப் பாத்து வாங்கியாந்திருக்காரு" என்கிறார். மாப்பிள்ளையும் மாமனார் ஆசைப்படுகிறாரே என்று தள்ளிப் போய் வெடிக்காமல் படிக்குப் பக்கத்திலேயே புஸ்வாணம் வைத்தார். சாதா வெடியாக இருந்தால் அந்தப் பிள்ளை நாற்காலியை நாலு அடி பின்னால் நகர்த்தியிருக்கும். பச்சை என்பதால் ரெண்டு பேருக்கும் தைரியம்.

புகை வராமல் இல்லை. பழைய வெடியைப் போல மூக்கைக் கிழிக்கவில்லை, கண்ணைக் கரிக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளையாக எழுந்து படியில் தவழ்ந்தது. அதற்குள் தெருவும் ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டில் சரம், அடுத்த வீட்டில் அணுகுண்டு, பையன்கள் கொளுத்திப் போட்ட பாம்பு மாத்திரை. இவர்கள் எவரும் பச்சையும் பார்க்கவில்லை, நீலமும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கோலம் எனக்குத் தெரியவில்லை. மகள் வாசல் நிலையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "அப்பா, உள்ள வாங்க, பலகாரம் சாப்பிடலாம்" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி ஒரு முறை முறைத்தார். அவள் கண் கலங்கி உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மூச்சுக்கு மூச்சு அவருக்குத் தோள் ரெண்டும் காதுவரை ஏறி இறங்கியது. "கறி காரம்" என்று மாப்பிள்ளையிடம் சிரித்தார். நான் பரிமாறுகிற சாக்கில் குனிந்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காதில் சொன்னேன். "நாளைக்கு அவங்க கார்ல ஏறட்டும். ஏறின அடுத்த நிமிஷம் போவோம். கெடுத்துராத" என்றார். கெடுக்க எனக்கா தெரியாது? அந்த இடத்திலேயே வாயைத் திறந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று துடித்தது. மகள் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை இலையில் அவள் நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழம்பை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

சாயங்காலம் விளக்கு ஏற்றிய உடனே மிச்ச வெடிகளோடு மாப்பிள்ளை வாசலுக்குப் போனார். இவரும் போனார். "மாப்பிள்ளை தனியா நிக்காரு, அது மரியாதையா?" என்று என்னைத் தள்ளிவிட்டுப் போனார். பெட்டி காலியாகிறவரை இருந்தார். கடைசிக் கம்பி மத்தாப்பைத் தன் கையால் பிடித்துச் சுற்றி, "அம்சமா இருந்துச்சு மாப்ளே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நேராகக் குளியலறை. குழாய்ச் சத்தம் கேட்டது.

குழாய் ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. கதவின் அடிவழியாகத் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. நான் கத்தினேன். மாப்பிள்ளைதான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். பம்பு அவர் கையிலிருந்து நழுவிக் கிடந்தது. மாப்பிள்ளை கண்ணில் படுவதற்கு முன்னால் அதை எடுத்து இடுப்பில் செருகினேன். அந்த நேரத்திலும் என் கை அந்த வேலையைத்தான் செய்தது, பாருங்கள்.

மாப்பிள்ளை காரிலேயே திருநெல்வேலிக்குப் போனோம். வழி நெடுக வானத்தில் வெடி. ஆஸ்பத்திரியில் எங்களைப் போல ஏகப்பட்ட பேர். நெஞ்சை உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விடுகிற குழந்தைகள், உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கிற கிழவர்கள். மூஞ்சியில் ஆவி மெஷின் மாட்டக் காத்திருந்தார்கள். கையில் கட்டோடு வந்த தீக்காயம் ரெண்டோ மூன்றோதான். வெடியால் கை வெந்தவனைத்தான் பேப்பரில் போடுகிறார்கள், நெஞ்சு வெந்தவனை யார் எண்ணுகிறார்கள்?

மாப்பிள்ளையிடம் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு, டாக்டர் வரும்போதெல்லாம் அவரை வெளியே அனுப்பினேன். எத்தனை வருஷமாக இழுப்பு, என்ன பம்பு என்று அவர்கள் கேட்பார்களே! "மாப்ளே, ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க" என்பேன். பாவம், முகம் சுளிக்காமல் போய்ப் போய் வாங்கிவந்தார். அந்த ரெண்டு நாளில் அவர் வாங்கிவந்த காப்பியை ஒரு கல்யாண வீட்டுக்கே ஊற்றியிருக்கலாம். ஒரு வாய் நான் குடிக்கவில்லை.

"பச்சை வெடிதானேம்மா போட்டோம்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சின்னப் பெண், தூங்கி எத்தனை நாளோ. "கெடுதல் குறைச்சல்னுதான்மா அதுக்கு அர்த்தம். ஊர்ல எல்லாரும் அதையே போட்டா எல்லாருக்கும் நல்லது. இவருக்கு ஊதுபத்திகூட ஆகாது. பக்கத்துல உக்கார விட்டிருக்கக் கூடாது. தெருப் புகையா, உங்க வீட்டுப் புகையான்னு இனிப் பிரிச்சுப் பாக்க முடியாது" என்றாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். வருகிறவர்களிடம் எல்லாம் மயினி மாரில் அடித்துக்கொண்டே, "நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தாம்மா என் தம்பி, ஹார்ட் அட்டாக்காம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழும்போது காதில், "மாத்திச் சொல்லிராதட்டி, பிள்ளை வாழணும்" என்றாள். தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். அவள் அழுகை பொய்யில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவளைக் கடித்துக் குதறலாம் போல எனக்கு இருந்தது.

எடுக்கிற நேரம் நெருங்கியது. தெருவில் கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து குனிந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அத்தை, சிவகிரியில இருந்து எங்க ஆளுக வேட்டு கொண்டாந்திருக்காங்க. மருமகன் சார்பா வேட்டுப் போட்டுக் கொண்டுபோகணும்னு சொல்லுதாங்க. மாமா தீபாவளியை எம்புட்டு ஆசையாக் கொண்டாடினாரு. போடச் சொல்லட்டா?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்கட்டுக்கு இழுத்துப் போனேன். புருஷன் கிடக்க எங்கே போகிறாள் இவள் என்று எல்லோரும் பார்த்தார்கள். மயினி, "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை.

"வேட்டு வேண்டாம் மாப்ளே. உங்க மாமாவுக்கு நெஞ்சுவலி இல்லை. பத்து வருஷமா இழுப்பு. புகை ஆகாது. உங்ககிட்ட மறைச்சோம். என் மகளுக்கும் இருக்கு, அதையும் மறைச்சோம். அவ மேல கோபப்படாதீங்க, அப்பன் சத்தியம் வாங்கிட்டாரு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளைக் கொண்டாந்து விட்டுறாதீங்க" என்றேன். காலிலேயே விழப் போனேன்.

அவர் என்னைப் பிடித்து நிறுத்தினார்.  

"அவளுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும் அத்தை. கல்யாணமான மறுவாரமே பம்பைக் கையில குடுத்து அழுதா. இதுக்குப் போய் அழலாமான்னு கேட்டேன். அவளுக்காகத்தான் பச்சை வெடியாத் தேடி வாங்கினேன். அவளை உள்ள இருக்கச் சொன்னதும் அதுக்குத்தான். வீட்ல வேற யாருக்கும் இருக்கான்னும் கேட்டேன் அத்தை. இல்லேன்னுட்டா. மாமாவுக்கும் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ஒத்தை மத்தாப்பு வாங்கியிருப்பனா?"

நான் அவர் கையை விட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்தேன். வீட்டுக்காரரின் தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் விழுந்து சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "தெரியுமாம்! அவருக்கு முதல்லயே தெரியுமாம்! கேட்டீங்களா? அவருக்குத் தெரியுமாம்!" என்று கத்தினேன். நான் ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்து, நாலைந்து பெண்கள் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூடச் சேர்ந்து அழுதார்கள்.